மூளைச் செய்தி எந்த அறையிலிருந்து வருகிறது?

2018 மார்ச்சில் நேச்சர் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், குழந்தைப் பருவம் தாண்டியதும் புதிய நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், பிறப்பது மளமளவென்று குறைந்துவிடுகிறது, பெரியவர்களிடம் ஒன்றுகூடத் தென்படவில்லை என்றது அது. ஒரு மாதம் ஆவதற்குள், ஏப்ரலில், செல் ஸ்டெம் செல் என்ற இதழில் வேறொரு குழு எழுதியது. 14 வயதிலிருந்து 79 வயது வரை 28 பேரின் மூளையைப் பார்த்தோம், வயதானவர்களிடமும் புதிய நியூரான்கள் இளையவர்கள் அளவுக்குப் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன என்றது இந்தக் குழு. இரண்டுமே பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவை. இரண்டுமே செய்தித்தாள்களில் இடம்பிடித்தன. மார்ச்சில் ‘இல்லை’ என்று படித்தவர் ஏப்ரலில் ‘உண்டு’ என்று படித்துவிட்டு, சரி, இவர்களுக்கே இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார்.

புரட்டியதில் தப்பில்லை. ஆனால் இரு தரப்புமே தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். என்ன நடந்தது என்று புரிய, கண்டுபிடிப்பை விட்டுவிட்டு அந்த மூளைத் துண்டுகள் மேஜைக்கு வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

புதிதாகப் பிறந்த நியூரானுக்குள் டபுள்கார்ட்டின் என்ற புரதம் கொஞ்ச காலம் இருக்கும். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் துண்டின்மேல் விட்டால், இளம் நியூரான்கள் நிறமேறித் தெரியும். இரண்டு குழுவும் நம்பிய அடையாளங்களில் இது ஒன்று. சிக்கல் என்னவென்றால், ஒருவர் இறந்து அவருடைய மூளை பதப்படுத்தும் திரவத்துக்குள் போகும்வரை இந்தப் புரதம் சும்மா காத்திருக்காது, சிதையத் தொடங்கிவிடும். திரவத்துக்குள் அளவுக்கு மீறி ஊறினாலும் ஆன்டிபாடியால் அதை அடையாளம் காண முடியாமல் போகும். ஆகவே ‘தெரியவில்லை’ என்பதற்கு ‘இல்லை’ என்றும் பொருள் சொல்லலாம், ‘இருந்தது, கெட்டுப்போனது’ என்றும் சொல்லலாம். மறுபக்கம், ஆன்டிபாடி வேறு எதிலாவது போய் ஒட்டிக்கொண்டால் இல்லாததும் இருப்பதுபோல் தெரியும். மார்ச் குழு, வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் எடுத்த புதுத் துண்டுகளையும் பார்த்து, அவற்றிலும் இல்லை என்றது. உடனே எதிர்க்கேள்வி வந்தது: வலிப்பு வந்த மூளையை இயல்பான மூளைக்கு எப்படிச் சாட்சியாக வைப்பது? 2019-ல் மூன்றாவதாக ஒரு குழு, இறப்புக்கும் பதப்படுத்தலுக்கும் இடையிலான நேரத்தைச் சுருக்கி, திரவத்தில் ஊறும் நேரத்தையும் கட்டுக்குள் வைத்துப் பார்த்தது. 87 வயதுக்காரரிடமும் இளம் நியூரான்கள் தெரிந்தன. நெடுநேரம் ஊறவிட்ட துண்டுகளில் அந்த அடையாளம் மங்கிப்போவதையும் அந்தக் குழு காட்டியது.

இதற்கெல்லாம் முன்பே, 2013-ல், முற்றிலும் வேறு வழியில் போன குழு ஒன்று உண்டு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது, பிறகு மெல்லக் குறைந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டின் காற்று அதன் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும். அதை அளந்து, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 நியூரான்கள் புதிதாகச் சேர்கின்றன என்று கணக்குச் சொன்னார்கள். அங்கே ஆன்டிபாடி இல்லை, நிறமேற்றல் இல்லை. கருவி வேறு, ஆகவே தவறு நுழையும் வாசலும் வேறு.

மூளையைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது எந்த அறையிலிருந்து வந்தது?

நரம்பியல் துறை என்று வாசலில் ஒரே பலகை இருக்கும். உள்ளே போனால் நாலைந்து வெவ்வேறு தொழில்கள் ஒரே கூரையின் கீழ் நடந்துகொண்டிருக்கும். உயிர்வேதியியல் படித்தவர், இயற்பியல் படித்தவர், உளவியலிலிருந்து வந்தவர், மருத்துவர், கணினிக்காரர் என்று எல்லோரும் இருப்பார்கள். வாரக் கருத்தரங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்; அடுத்தவர் ஸ்லைடில் இருக்கும் வரைபடம் பாதிப் பேருக்குப் புரியாது. இதை யாரும் வெளியே ஒப்புக்கொள்வதில்லை.

ஓர் அறையில் கம்பிவலைக் கூண்டுக்குள் ஒரு நுண்ணோக்கி இருக்கும். வெளி மின்காந்த இரைச்சல் நுழையாமலிருக்கத்தான் அந்தக் கூண்டு. மேஜை காற்று மெத்தையில் மிதக்கும். தாழ்வாரத்தில் யாராவது கதவைச் சாத்தினாலும் அதிர்வு வரக்கூடாது. சுண்டெலியின் மூளையை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, ஆக்ஸிஜன் குமிழியிடும் உப்புக் கரைசலில் போட்டு வைத்தால் அந்தச் சீவல் சில மணி நேரம் உயிரோடிருக்கும். அதற்குள், நுனி ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவே உள்ள கண்ணாடிக் குழாயை ஒரே ஒரு நியூரானின் தோலில் வைத்து, மெல்ல உறிஞ்சி, காற்றுப் புகாத மாதிரி ஒட்டவைக்க வேண்டும். பேட்ச் கிளாம்ப் என்று பெயர். எர்வின் நேயரும் பெர்ட் சாக்மானும் 1976-ல் வெளியிட்ட முறை, 1991-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. ஒட்டினால் அந்த ஒரு செல்லின் மின்னோட்டத்தை அதிசயமான துல்லியத்தில் கேட்கலாம். ஒட்டாவிட்டால் குழாயை மாற்றிவிட்டு மறுபடி. மதியம் முழுவதும் ஒட்டாமலே போகும் நாட்கள் உண்டு. இதற்கு நடுவில் திரையில் சுவர் மின்சாரத்தின் ரீங்காரம் தெரியும். எந்த ஒயர் சரியாக எர்த் ஆகவில்லை என்று ஆய்வு மாணவர் தரையில் படுத்துத் தேடிக்கொண்டிருப்பார். முனைவர் பட்டத்தின் கணிசமான பகுதி இப்படித் தரையில்தான் கழிகிறது.

இந்த அறையிலிருந்து வரும் செய்தி ஒரு செல்லைப் பற்றி அழுத்தமாகப் பேசும். ஆனால் சீவலுக்குப் பசி கிடையாது, பயம் கிடையாது, நினைவு கிடையாது. ‘நினைவாற்றலின் ரகசியம்’ என்று இங்கிருந்து ஒரு தலைப்பு வந்தால், ரகசியம் என்ற சொல்லைச் சேர்த்தது யார் என்று யோசிக்கலாம்.

பக்கத்தில் விலங்கு நடத்தை அறை. சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி. அதனால் பல ஆய்வகங்களில் பகலை இரவாக்கி வைத்திருப்பார்கள். ஆய்வாளர் காலையில் வந்து மங்கலான சிவப்பு விளக்கில் வேலை செய்வார். அந்த வெளிச்சம் எலிக்கு அவ்வளவாகத் தெரியாது. இங்கே துல்லியம் என்பது வேறு விதமான தொல்லை. 1999-ல் மூன்று ஊர்களில் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. ஒரே இனச் சுண்டெலிகள், ஒரே வயது, ஒரே கருவிகள், முடிந்தவரை ஒரே நேரத்தில் ஒரே சோதனைகள். அப்படியும் சில சோதனைகளில் முடிவுகள் ஊருக்கு ஊர் மாறின. ஓர் இடத்தில், சுண்டெலி ஒவ்வாமை உள்ள ஆய்வாளர் சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார் என்பதும் அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. அது எலிகளை எப்படிப் பாதித்தது என்று யார் சொல்வது? 2014-ல் இன்னொரு குழு, ஆண்களின் வாசனை பட்டாலே சுண்டெலிகளுக்கும் எலிகளுக்கும் மன அழுத்தம் ஏறி, வலி தெரிவது குறைகிறது என்று கண்டது. வலி மருந்தைச் சோதிக்கும் இடத்தில் அன்று யார் ஷிப்ட்டில் இருந்தார் என்பதுகூட முடிவை மாற்றக்கூடிய ஒரு காரணி ஆகிவிட்டது. அதன் பிறகு ஒரு நடத்தைக் கட்டுரையைப் படிக்கும்போது எலியைக் கையில் எடுத்தது யார் என்று மனம் கேட்கத்தான் செய்கிறது.

மூன்றாவது அறையில், கண்ணால் பார்க்க, அதிகம் எதுவும் நடக்காது. தலை அசையாமல் பொருத்தப்பட்ட ஒரு சுண்டெலி சிறு சக்கரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் மூளைக்குள் முடியைவிட மெல்லிய ஒரு சிலிக்கான் ஊசி. 2017-ல் அறிமுகமான நியூரோபிக்ஸல்ஸ் என்ற ஊசியில் 960 பதிவுப் புள்ளிகள் உண்டு, ஒரே சமயத்தில் 384 இடங்களில் கேட்கலாம். ஒரு காலத்தில் ஒரு நியூரானைத் துரத்தித் துரத்திக் கேட்டவர்கள் இப்போது நூற்றுக்கணக்கானவற்றை ஒன்றாகக் கேட்கிறார்கள். விளைவு, சோதனை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. எந்தத் துடிப்பு எந்த நியூரானுடையது என்று பிரித்து, பொருள் கண்டுபிடிக்க வருடங்கள் ஆகின்றன. உயிரியல் பிடிக்கும் என்று வந்த பிள்ளைகள் நாள் முழுக்கப் பைத்தான் நிரல் எழுதுகிறார்கள். துறைத் தாழ்வாரத்தில் ஆய்வு அங்கியைவிட ஹெட்போன் அதிகமாகக் கண்ணில் படுவதன் காரணம் இதுதான்.

அடுத்து ஸ்கேனர். பொதுமக்களுக்குத் தெரிந்த நரம்பியல் அநேகமாக இந்த அறையிலிருந்து வந்ததுதான். ‘காதலிக்கும்போது மூளையின் இந்தப் பகுதி ஒளிர்கிறது’ வகைச் செய்திகளைச் சொல்கிறேன். எதுவும் ஒளிர்வதில்லை. செய்ஜி ஒகாவா 1990-ல் எலிகளில் காட்டிய விஷயம் இது: ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு மாறினால் காந்த ஸ்கேனில் சமிக்ஞை மாறும். ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, சில விநாடிகள் தாமதமாக. நாம் அளப்பது அந்தத் தாமதமான ரத்தத்தை. திரையில் தெரியும் ஒவ்வொரு சிறு கனச்சதுரத்துக்குள்ளும் லட்சக்கணக்கான நியூரான்கள் அடங்கியிருக்கும். சிவப்பும் மஞ்சளும் கணக்கு முடிந்தபின் பூசிய வண்ணம்.

கனச்சதுரங்களோ பல்லாயிரம். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ‘வித்தியாசம் உண்டா’ என்று கேட்டால், சும்மா தற்செயலாகவே சில ‘ஆம்’ என்று சொல்லும். இதைப் புரியவைக்க 2009-ல் சில ஆய்வாளர்கள் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்தார்கள். மனிதர்கள் பழகும் படங்களை அதற்குக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். புள்ளியியல் திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளையில் ‘செயல்பாடு’ தெரிந்தது. திருத்தம் செய்ததும் மறைந்துவிட்டது. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் 2012-ல் இதற்குக் கிடைத்தது. சிரித்து முடித்ததும் துறைகளில் பலர் தங்கள் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய தொல்லை ஆட்களின் எண்ணிக்கை. 2013-ல் வெளிவந்த ஓர் அலசல், நரம்பியல் ஆய்வுகளின் புள்ளியியல் வலு நடுமதிப்பில் 21 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது என்றது. உண்மையிலேயே ஒரு விளைவு இருந்தாலும், அது இந்த ஆய்வில் சிக்க ஐந்தில் ஒரு வாய்ப்புதான் என்று அர்த்தம். அந்த நிலைமையில் சிக்குவதும் பல நேரம் ஊதிப் பெருத்த அளவில்தான் சிக்கும். 2022-ல் இன்னொரு குழு சுமார் 50,000 பேரின் ஸ்கேன்களை வைத்துப் பார்த்து, மூளையின் அமைப்பையும் ஒருவருடைய புத்திக்கூர்மை, மனநலம் போன்றவற்றையும் இணைத்துப் பேச ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும் என்றது. வழக்கமான ஸ்கேன் ஆய்வில் இருப்பவர்களோ இருபத்தைந்து பேர் சொச்சம். இது எல்லா ஸ்கேன் ஆய்வுக்கும் பொருந்தாது. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளக்கும் ஆய்வும், கண்ணால் பார்ப்பது, விரலை அசைப்பது போன்ற பலமான விளைவுகளைத் தேடும் ஆய்வும் குறைந்த ஆட்களோடு நிற்கும். ‘இவர்கள் மூளை இப்படி, அவர்கள் மூளை அப்படி’ என்ற வகைக்குத்தான் ஆட்டம் காண்கிறது. செய்தியாவதோ அந்த வகைதான்.

சரி, அறையில் இத்தனை நுணுக்கம் இருக்கும்போது செய்தியில் அது எங்கே காணாமல் போகிறது? நிருபர்தான் மிகைப்படுத்துகிறார் என்று ஆய்வாளர்கள் சொல்வது வழக்கம். பிரிட்டனில் ஒரு குழு இதை எண்ணிப் பார்த்தது. 20 பல்கலைக்கழகங்களின் 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, மூலக் கட்டுரையோடும் பிறகு வந்த செய்திகளோடும் ஒப்பிட்டு, 2014-ல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வெளியிட்டது. விலங்குகளில் செய்த ஆய்வை மனிதர்களுக்கு நீட்டிச் சொல்லும் மிகை, அத்தகைய ஆய்வுகளைப் பற்றிய செய்திக்குறிப்புகளில் 36 சதவீதத்திலேயே இருந்தது. குறிப்பில் அந்த மிகை இருந்தால் 86 சதவீதச் செய்திகளிலும் இருந்தது. குறிப்பில் இல்லாதபோது 10 சதவீதத்தில்தான். ஆக, பாதிக்கு மேல் தப்பு பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டும் முன்பே நடந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், மிகைப்படுத்திய குறிப்புகளுக்குச் செய்தியில் கூடுதல் இடம் கிடைத்ததாகவும் தெளிவான ஆதாரம் இல்லை. ‘சுண்டெலியில்’ என்ற ஒரு சொல்லை விழுங்கியதற்கு எந்த லாபமும் கிடைக்கவில்லை.

விழுங்குவதற்குக் காரணம் பேராசையா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. ஒரு பேப்பர் வெளிவரும் பாதையைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். விலங்கு ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். எத்தனை விலங்குகள், ஏன் இத்தனை, வலி எப்படிக் குறைக்கப்படும், விலங்கே இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்பார்கள். ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1959-ல் வகுத்த கொள்கையின் நீட்சி இது. அப்புறம் கருவி அமைப்பது, தோற்கும் முன்னோட்டங்கள், உண்மையான சோதனை, கணக்கு. குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர், இதை வேறு மாதிரியும் விளக்கலாமே என்று கேட்பார், இன்னும் ஆறு மாதம் போகும். ஆய்விதழுக்கு அனுப்பினால் ஆசிரியர் படித்துவிட்டு, கட்டுரையை மதிப்பிடும் சக ஆய்வாளரான ரிவ்யூவருக்கே அனுப்பாமல் திருப்பலாம். அனுப்பினால், இரண்டாம் ரிவ்யூவர் இன்னொரு சோதனை கேட்பார். உலகம் முழுக்க ஆய்வு மாணவர்கள் திட்டுவது இந்த இரண்டாம் ரிவ்யூவரைத்தான். பல நேரம் அவர் கேட்டதில் நியாயம் இருப்பது வேறு எரிச்சல். இப்படி மூன்று, நான்கு, ஐந்து வருடம். கடைசியில் ஏற்கிறார்கள். அப்போது மக்கள் தொடர்பு அலுவலர் போன் செய்து, இதை ஒரு வரியில் சொல்லுங்களேன் என்கிறார். ஐந்து வருடம் தரையில் படுத்து ஒயர் தேடியவருக்கு, இதனால் யாருக்காவது ஏதாவது பயன் உண்டு என்று சொல்லத் தோன்றாதா?

நிதியும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. ஆய்வுக்குப் பணம் கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்படும். பேராசிரியர் நிறையப் பொழுது செலவழிப்பது பிப்பெட்டோடு அல்ல, இந்த விண்ணப்பங்களோடுதான். பணம் கொடுக்கும் அமைப்புகளில் பல நோயை வைத்துப் பிரிக்கப்பட்டவை. ஆகவே ஈயின் நுகர்ச்சியைப் பற்றிய கட்டுரையின் கடைசிப் பத்தியிலும் அல்சைமர் என்ற மறதி நோய் எட்டிப் பார்க்கும். அந்தப் பத்தி பணம் கொடுப்பவருக்காக எழுதப்பட்டது என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். வெளியே இருப்பவர் அதைக் கட்டுரையின் சாரம் என்று எடுத்துக்கொள்கிறார்.

செய்தியில் பேசுபவர் யார் என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. ஆசிரியர் பட்டியலில் வழக்கமாக முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. நிருபர் கூப்பிடுவது பெரும்பாலும் கடைசிப் பெயரை. முதல் பெயர்க்காரர் பல சமயம் பட்டம் முடித்துவிட்டு இன்னோர் ஊரில் போஸ்ட்டாக், அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர், ஆகப் போயிருப்பார், இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில். விலங்கு வீட்டைப் பார்த்துக்கொண்டவர், நுண்ணோக்கியை ஓடவைத்த டெக்னீஷியன் ஆகியோர் நன்றிப் பகுதியில் இருப்பார்கள், இருந்தால்.

இந்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து சில சமயம் விபரீதமாகிறது. அல்சைமர் நோயில் ஒரு குறிப்பிட்ட அமிலாய்டு புரதக் கூட்டுக்குப் பங்கு உண்டு என்று சொன்ன 2006-ஆம் ஆண்டு நேச்சர் கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டப்பட்டது. அதன் படங்கள் மாற்றப்பட்டிருக்கலாம் என்ற கேள்வி 2022-ல் பகிரங்கமாக எழுந்தது, 2024-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதினெட்டு வருடம். அமிலாய்டு ஆராய்ச்சி முழுவதும் பொய் என்று சிலர் உடனே எழுதினார்கள். அது சரியில்லை, நோய்க்கு அமிலாய்டுதான் காரணம் என்ற கருதுகோள் இந்த ஒரு கட்டுரையின்மேல் நிற்கவில்லை.

துறைக்குள் கருத்துச் சண்டை புதிதும் இல்லை. கமில்லோ கோல்ஜி 1873-ல் வெள்ளி உப்பால் நியூரானைக் கறுப்பாக்கிக் காட்டும் முறையைக் கண்டுபிடித்தார். சாந்தியாகோ ரமோன் இ கஹால் அதே முறையை எடுத்து, நியூரான்கள் தனித்தனி செல்கள் என்று வாதிட்டார். கோல்ஜியோ எல்லாம் பின்னிக் கிடக்கும் ஒரே வலை என்று நம்பினார். 1906-ல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். கோல்ஜி தன் ஏற்புரையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். நிறமேற்றும் முறை ஒன்று, பார்வை இரண்டு. 2018-ன் சண்டைக்கு இது தாத்தா.

அதிகம் பேசப்படாத ஒரு வகைச் செய்தி இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். 2024 அக்டோபரில் வளர்ந்த பழ ஈ ஒன்றின் முழு மூளை வரைபடம் வெளியானது: 139,255 நியூரான்கள், ஐந்து கோடிக்கு மேல் இணைப்புகள். பல நாட்டு ஆய்வகங்களும், இணையம் வழியாகத் தன்னார்வலர்களும் சேர்ந்து, இயந்திரம் போட்ட கோடுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். இதற்கு முன் 1986-ல் ஒரு சிறு புழுவின் 302 நியூரான்களை அதே பொறுமையோடு வரைந்திருந்தார்கள். இந்தச் செய்தியில் நோய் தீரவில்லை, ரகசியம் உடையவில்லை. ஆனால் நாளைக்கு வேறொரு குழு வந்து தலைகீழாக்கிவிடும் என்ற பயமும் பெரிதாக இல்லை, ஏனென்றால் இது வரைபடம், எவரும் தரவை இறக்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம். கட்டுரையை மதிப்பீட்டுக்கு முன்பே பொதுவில் வைக்கும் வழக்கமும், சோதனை தொடங்கும் முன்பே திட்டத்தை மட்டும் பார்த்து இதழ் சம்மதம் சொல்லும் முறையும் 2013 வாக்கில் நரம்பியலுக்குள் வந்தன. முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும் அச்சாகும் என்ற உறுதி, ஓர் ஆய்வு மாணவரின் தூக்கத்துக்கு எவ்வளவு நல்லது என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் புது நியூரான் விவகாரம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2025 ஜூலையில் சயன்ஸ் இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. பிறந்த குழந்தை முதல் 78 வயதுவரை பலரின் மூளைத் திசுவை எடுத்து, செல்களின் உட்கருக்களைத் தனித்தனியாகப் பிரித்து, எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று படித்தார்கள். இயந்திரக் கற்றலையும் பயன்படுத்தினார்கள். பெரியவர்களிடமும் நியூரானை உருவாக்கும் முன்னோடி செல்கள் பிரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. இந்த முறை தலைப்பு ‘உண்டு’. ஆனால் உள்ளே ஒரு விவரம் இருக்கிறது: சில பெரியவர்களிடம் அந்தச் செல்கள் ஏராளம், சிலரிடம் அநேகமாக எதுவுமே இல்லை. அந்த வித்தியாசம் வாழ்ந்தபோது இருந்ததா, இறந்தபின் வந்ததா? இதைக் கேட்க வேண்டிய திசுக்கள் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்களில் எண் ஒட்டிக் காத்திருக்கின்றன.